மாத்திரையால் ஈறு நோய் தீருமா? சர்க்கரை நோயாளி ஒருவனின் பதில்

சர்க்கரை நோய் உள்ளவருக்கு ஈறில் ரத்தம் கசிவது உமிழ்நீரில் எதிர் ஆக்சிஜனேற்றிகள் (உடலை அரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைத் தணிக்கும் பொருட்கள்) குறைவதால்தானா, அதற்கான மாத்திரை சாப்பிட்டால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே நம்பிக்கையில் ஐந்து மாதம் மாத்திரை விழுங்கி, கீழ்வரிசை முன்பல் ஒன்றை இழந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

எனக்குச் சர்க்கரை வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. கடித்த கொய்யாப்பழத்தில் ரத்தக்கறை படிந்ததை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல்லைச் சுத்தம் செய்தால் பற்கள் தளர்ந்துவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்ததால், பல் மருத்துவரிடம் போகவும் அஞ்சினேன். பல் ஆடத் தொடங்கிய பிறகே ஈறு சிகிச்சை நிபுணரிடம் சென்றேன். ஈறுக்கும் பல்லுக்கும் இடையே மெல்லிய அளவுகோலை விட்டு அவர் அளந்தபோது, 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய ஆழம் பல இடங்களில் 6, 7 என்று இருந்தது.

அவர் விளக்கியதையும் பின்னர் நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். பற்காரையில் குடியிருக்கும் கிருமிகளை எதிர்க்க வரும் வெள்ளணுக்கள் வீரியமுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளியிடுகின்றன. ரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் இது அளவு மீறிப்போய், ஈறையும் பல்லைத் தாங்கும் எலும்பையும் சேர்த்தே அரிக்கிறது. அதைத் தணிக்க உமிழ்நீரில் யூரிக் அமிலம், குளுட்டோதயோன், வைட்டமின் சி, பெராக்சிடேஸ் நொதி போன்றவை உள்ளன. இவற்றில் பெரும்பங்கு யூரிக் அமிலத்துடையது. மூட்டுவலிக்குக் காரணம் என்று நாம் அஞ்சும் அதே பொருள் வாய்க்குள் காவல் காக்கிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது. ஆனால், சர்க்கரை நோயாளிகளின் உமிழ்நீரில் இந்தக் காவல் குறைந்திருப்பதாகச் சில ஆய்வுகளும் கூடியிருப்பதாகச் சில ஆய்வுகளும் கூறுகின்றன. வீங்கிய ஈறிலிருந்து ரத்தநீர் உமிழ்நீரில் கசிந்து கலப்பதும் அந்த அளவை மாற்றிவிடும். ஆகவே 'உமிழ்நீரில் குறைந்துவிட்டது, மாத்திரையால் நிரப்புங்கள்' என்ற கணக்கு அவ்வளவு எளிதன்று.

நான் மருத்துவன் அல்லன். வைட்டமின் சி மிகவும் குறைந்தால் ஈறில் ரத்தம் வரும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ஈறுக்கு அடியில் இறுகிக் கிடக்கும் காரையை எந்த மாத்திரையும் கரைக்காது. அதைச் சுரண்டி எடுத்து, வேர்ப்பகுதியையும் சுத்தம் செய்த பிறகே எனக்கு ரத்தக் கசிவு நின்றது. சர்க்கரை மருந்து எதையும் மாற்றாமலேயே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c அளவு 8.6 சதவீதத்திலிருந்து 8.1 ஆனது. ஒருவனின் அனுபவத்தை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2022இல் 35 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட மதிப்பாய்வு, ஈறு சிகிச்சைக்குப் பின் 3, 4 மாதங்களில் இந்தச் சராசரி ஏறத்தாழ 0.43 சதவீதப் புள்ளி குறைவதாகக் கூறுகிறது.

எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. இத்தனை ஆண்டுகளில் நான் சென்ற சர்க்கரை மருத்துவமனையில் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்கள், விழித்திரையைப் படம் எடுத்தார்கள். ஒருநாளும் வாயைத் திறக்கச் சொன்னதில்லை. ஈறு நோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது பாதிப்பு என்று ஈறு நோய் ஆய்வாளர் ஹரால்ட் லோ 1993இலேயே எழுதிவிட்டார்.

உங்களுக்குக் கசிவு மட்டும்தான், பல் இன்னும் ஆடவில்லை என்றால், இந்த வாரமே ஈறு நிபுணரைப் பாருங்கள். காலை உணவையும் வழக்கமான சர்க்கரை மாத்திரையையும் தவிர்க்காமல் செல்லுங்கள். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளையும் மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.