0–5 என்ற கணக்கு

அன்புள்ள ஐயா,

டென்னிஸ் ஆட்டக்காரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் ஓய்வு பெற்றதை ஒட்டி நீங்கள் எழுதிய குறிப்பில், அவருடையது 'நிறைவான தொழில்வாழ்க்கை' என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. கிராண்ட்ஸ்லாம் என்கிற நான்கு பெரிய போட்டிகளின் மெயின் டிராவில், அதாவது முதன்மைச் சுற்றில், ஐந்து முறை ஆடினார், ஐந்திலும் முதல் சுற்றிலேயே வெளியேறினார். ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) முதன்மைத் தொடரில் பட்டம் ஒன்றுகூடக் கிடையாது. உயர்ந்தபட்ச தரவரிசை 75. சென்னைக்காரர் என்ற பாசத்தில் கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டீர்களோ?

இன்னொன்று. என் அண்ணன் மகனுக்குப் பதினைந்து வயது, ஜூனியர் போட்டிகளில் ஆடுகிறான். கோப்பை ஜெயித்தால்தான் வளர்கிறான் என்று வீட்டில் நினைக்கிறார்கள். உண்மையில் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

கு. முரளி, திருச்சி

அன்புள்ள முரளி,

ஐந்து தோல்வி என்பது சரியான கணக்குதான். தோற்றது தியாஃபோ, டெலியன், ராவ்னிச், மெத்வதேவ், ஈட்டோ ஆகியோரிடம். ஐந்து ஆட்டத்திலும் ஒரு செட்கூட எடுக்கவில்லை என்பதையும் நானே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த ஐந்து ஆட்டங்களில் நிற்பதற்கு என்ன வேண்டியிருந்தது என்பதை உங்கள் கணக்கு கேட்கவே இல்லை.

கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் 128 இடம். அதில் 104 பேர் தரவரிசைப்படி நேராக உள்ளே வருவார்கள். 8 பேருக்கு வைல்ட் கார்டு, அதாவது அமைப்பாளர்கள் நேராகத் தரும் இடம், அது பெரும்பாலும் போட்டி நடக்கும் நாட்டுக்காரருக்குப் போகும். மிச்சம் 16 இடத்துக்குத் தகுதிச் சுற்று. அங்கே இன்னொரு 128 பேர் வந்து மூன்று ஆட்டம் ஆடுவார்கள். ஏறத்தாழ 105க்கும் 230க்கும் இடைப்பட்டவர்கள். ஆகவே ஒரு டென்னிஸ் ஆட்டக்காரருக்கு 230 ஒரு வாசல், 104 ஒரு வாசல், 32 ஒரு வாசல். 32க்குள் வந்து சீடிங் (தரவரிசைப்படி டிராவில் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் முன்னுரிமை) பெற்றால் முதல் இரண்டு சுற்றில் இன்னொரு சீடு எதிரே வரமாட்டார். 150லிருந்து 120க்கு முன்னேறினால் பத்திரிகையில் வரும். நடைமுறையில் பெரிய மாற்றம் இல்லை. 106லிருந்து 103க்கு வந்தால் யாரும் எழுதமாட்டார்கள், வாழ்க்கையே மாறும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மெயின் டிராவுக்கான பட்டியல் போட்டிக்கு ஆறு வாரம் முன்பே மூடப்படும். அன்றைக்கு நீங்கள் எத்தனையாவது இடம் என்பதுதான் கணக்கு. போட்டி தொடங்கும் நாளில் 90ஆவது இடத்தில் இருப்பவர் தகுதிச் சுற்றில் மூச்சு வாங்க ஆடிக்கொண்டிருப்பதும், 115ஆவது இடத்துக்குச் சரிந்தவர் நேராக மெயின் டிராவில் உட்கார்ந்திருப்பதும் இதனால்தான்.

இனி பிரஜ்னேஷ். இடதுகைக்காரர், 1989இல் பிறந்தவர். இருபதுகளின் முதல் பாதியில் பெரும்பகுதியை முழங்கால் எலும்பில் விழுந்த அழுத்த முறிவுகள் தின்றுவிட்டன. ஆறு மாதத்துக்கு மேல் காயத்தில் கிடந்தால் பழைய தரவரிசையைப் பாதுகாத்துத் தரும் விதி ஏடிபியில் உண்டு. ஆனால் மேலே ஏறி நின்றவனுக்குத்தான் அந்த விதியால் பயன். 60இல் இருந்து அடிபட்டால் 60 காத்திருக்கும். 600இல் இருந்தால் 600தான் காத்திருக்கும்.

அவர் ஏறிய வருடம் 2018. தொடங்கும்போது 200க்கு வெளியே. அந்த வருடத்தை இந்தியாவில் பலரும் இரண்டு விஷயங்களால் நினைவு வைத்திருக்கிறார்கள். ஏப்ரலில் தியான்ஜினில், நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பை: சீனாவுக்கு எதிராக இந்தியா 0–2 என்று பின்தங்கி, இரட்டையரை பயஸும் போபண்ணாவும் ஜெயித்து, ராம்குமார் சமன் செய்து, கடைசி ஆட்டத்தில் பிரஜ்னேஷ் வூ யிபிங்கை 6–4, 6–2 என்று வென்றார். ஆகஸ்டில் ஆசிய விளையாட்டில் வெண்கலம். இரண்டும் நல்ல சாதனைகள். தரவரிசைக் கணக்கில் இரண்டுக்கும் மதிப்பு பூஜ்யம். டேவிஸ் கோப்பைக்குத் தரவரிசைப் புள்ளி கொடுப்பதை ஏடிபி 2016லேயே நிறுத்திவிட்டது. ஆசிய விளையாட்டுக்கும் புள்ளி கிடையாது. அவர் பலெம்பாங்கில் பதக்கத்துக்கு ஆடிய அதே வாரத்தில்தான் நியூயார்க்கில் அமெரிக்க ஓப்பன் தகுதிச் சுற்று நடந்தது. நாட்டுக்கு ஆடுவது என்றால் இதுதான் விலை.

அவரை உண்மையில் மேலே தள்ளிய வாரம் ஏப்ரல் கடைசியில், சீனாவின் ஆனிங்கில், செம்மண் தரையில். சேலஞ்சர் போட்டி, அதாவது ஏடிபி முதன்மைத் தொடருக்கு ஒரு படி கீழே. இறுதியில் எகிப்தின் முகமது சஃப்வத்தை வென்றார். 125 புள்ளி. அவருடைய முதல் சேலஞ்சர் பட்டம். ஜூனில் ஸ்டுட்கார்ட் புல்தரையில், தகுதிச் சுற்றில் ஆடி உள்ளே வந்து, அப்போது 23ஆவது இடத்தில் இருந்த ஷபோவலோவை இரண்டு டைபிரேக் வைத்த ஆட்டத்தில் தோற்கடித்தார். செய்தியானது அதுதான். அந்த வாரத்தில் கிடைத்த மொத்தப் புள்ளி 32. ஆனிங்கில் கிடைத்ததில் கால்வாசி. யாரை ஜெயித்தீர்கள் என்று தரவரிசை கேட்பதில்லை. எந்தப் போட்டியில் எந்தச் சுற்று வரை போனீர்கள், அவ்வளவுதான்.

ஆனிங்குக்கும் ஸ்டுட்கார்டுக்கும் நடுவே பாரிஸ். ஃபிரெஞ்ச் ஓப்பன் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் பிரஜ்னேஷ் தோற்றார். அப்படித் தோற்றவர்களை வரிசைப்படுத்தி வைத்திருப்பார்கள். மெயின் டிராவில் யாராவது விலகினால் அந்த வரிசையிலிருந்து ஒருவர் உள்ளே போவார். பெயர் 'லக்கி லூசர்'. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வொரு நாளும் முதல் ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போதே நேரில் வந்து தாளில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். போன் செய்து 'நான் இருக்கிறேன்' என்று சொன்னால் செல்லாது.

அந்த வருடம்தான் கிராண்ட்ஸ்லாம்களில் ஒரு புது விதி வந்திருந்தது. காயத்தோடு வந்து, முதல் சுற்றுப் பணத்துக்காக நாலு கேம் ஆடிவிட்டு விலகுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அதைத் தடுக்க, ஆடாமலே அங்கேயே விலகினால் பாதிப் பணம் அவருக்கு, மீதிப் பாதி பதிலாக வருபவருக்கு என்று ஆக்கினார்கள். உடனே விலகல்கள் கூடின, லக்கி லூசர் இடங்களும் கூடின. விதி மாறினால் எல்லோருடைய புத்தியும் சேர்ந்து மாற வேண்டும். பழைய வருடங்களை நினைத்துக்கொண்டு, இனிமேல் முறை வராது என்று பலர் பாரிஸை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். பிரஜ்னேஷும் அடுத்த சேலஞ்சருக்காக இத்தாலியின் விசென்சாவுக்குப் போய்விட்டார். அவர் முறை வந்தபோது அங்கே டிராவில் பெயர் ஏறியாயிற்று. ஒரே வாரத்தில் இரண்டு போட்டியில் ஆட முடியாது.

அந்த இடம் அர்ஜென்டினாவின் மார்கோ துருங்கெல்லிட்டிக்குப் போனது. அவரும் கிளம்பிப் போனவர்தான், ஆனால் பார்சிலோனாவில் எந்த டிராவிலும் பெயர் கொடுக்காமல் சும்மா இருந்தார். அம்மா, தம்பி, எண்பது தாண்டிய பாட்டி எல்லோரையும் காரில் ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் ஓட்டி, நள்ளிரவில் பாரிஸ் வந்து, காலையில் கையெழுத்துப் போட்டு, 11 மணிக்கு டோமிக்கோடு ஆடி நாலு செட்டில் ஜெயித்தார். உலகம் முழுக்கப் பாட்டி கதை பரவியது. நம் ஊர்க்காரர் விசென்சாவில் இருந்தார். அதே போட்டியில் இன்னொரு லக்கி லூசராக திமித்ரோவோடு ஆடியவர் யார் தெரியுமா? ஒரு மாதம் முன்பு ஆனிங் இறுதியில் பிரஜ்னேஷிடம் தோற்ற சஃப்வத்.

நவம்பரில் பெங்களூரு சேலஞ்சரில் அடுத்த பட்டம். வருடம் முடியும்போது 100க்குச் சற்று வெளியே. ஜனவரி 2019இல் மெல்போர்னில், ஆஸ்திரேலிய ஓப்பனில், மூன்று தகுதி ஆட்டங்களையும் ஜெயித்து முதல் முறையாக கிராண்ட்ஸ்லாம் மெயின் டிராவுக்குள் வந்தார். வயது 29. பிப்ரவரியில் நுங்கம்பாக்கத்தில் சென்னை சேலஞ்சர் நடந்தது, அரையிறுதியில் தோற்றார். பட்டம் போயிற்று என்று ஊர் வருத்தப்பட்டது. அந்த அரையிறுதிக்குக் கிடைத்த 29 புள்ளிதான் 11 பிப்ரவரி பட்டியலில் அவரை 97ஆவது இடத்தில் கொண்டுபோய் வைத்தது. தோற்றுப்போன வாரத்தில் நூறுக்குள் வந்தார். மார்ச்சில் அமெரிக்காவின் இந்தியன் வெல்ஸ் போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து வந்து, 17ஆம் சீடு பசிலஷ்விலியை மூன்று செட்டில் வீழ்த்தி மூன்றாவது சுற்று. அங்கே நாற்பது வயது கார்லோவிச்சிடம் தோல்வி. 61 புள்ளி. 22 ஏப்ரல் 2019: 75ஆவது இடம்.

அந்தத் தேதியைக் கவனியுங்கள். தரவரிசை என்பது 52 வாரச் சுழற்சி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு வருடம் மட்டும் உயிரோடு இருக்கும். ஆனிங்கில் வாங்கிய 125 அடுத்த வாரப் பட்டியலில் காலாவதி. அவர் உச்சத்தில் நின்றது பழைய பெரிய புள்ளி விழுவதற்கு முந்தைய கடைசி வாரத்தில். ஆனால் ஃபிரெஞ்ச் ஓப்பன் பட்டியல் அதற்குள் மூடியிருந்தது. உள்ளே இருந்தார்.

இப்போது உங்கள் 0–5க்கு வருகிறேன். 2019இல் முதல் சுற்றில் தோற்றவருக்கு மெல்போர்னில் 75,000 ஆஸ்திரேலிய டாலர், பாரிஸில் 46,000 யூரோ, விம்பிள்டனில் 45,000 பவுண்டு, நியூயார்க்கில் 58,000 அமெரிக்க டாலர். ஆனிங்கில் ஒரு வாரம் முழுக்க ஜெயித்துக் கோப்பை தூக்கியதற்கு 21,600 அமெரிக்க டாலர். புள்ளியைப் பாருங்கள், தலைகீழ்: கிராண்ட்ஸ்லாம் முதல் சுற்றுக்கு 10, ஆனிங்குக்கு 125. இந்த நிலையில் இருப்பவர்களுக்குப் புள்ளி சேலஞ்சரில் விளைகிறது, காசு கிராண்ட்ஸ்லாமில் விளைகிறது. ஒன்றை இன்னொன்றாக மாற்றுவதுதான் இந்தத் தொழில். பயிற்சியாளருக்கு, பிசியோவுக்கு, விமானத்துக்கு, அடுத்த வருடத்துக்கு எல்லாம் அந்தக் காசுதான். 'முதல் சுற்றிலேயே வெளியேற்றம்' என்று தலைப்பிடுகிற உதவி ஆசிரியருக்கு இது தெரிய வேண்டிய அவசியமில்லை. ஒரே வருடத்தில் நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் ஒற்றையர் மெயின் டிராவில் ஆடினார் என்ற ஒரு வரிக்குப் பின்னால் இத்தனை வாரங்கள் இருக்கின்றன.

ஆட்டத்தில் குறை இல்லை என்று சொல்லவில்லை. முதல் சுற்றில் ஒன்றையாவது ஜெயித்திருக்க வேண்டும். நியூயார்க்கில் வந்தவர் ஐந்தாம் சீடு மெத்வதேவ், அவர் இறுதி வரை போனார், அதை விட்டுவிடலாம். பாரிஸில் சீடு இல்லாத டெலியனிடம் 6–1, 6–3, 6–1 என்று தோற்றதற்குச் சமாதானம் கிடையாது.

ஜனவரி 2020இல் அவர் நூறுக்கு வெளியே போயிருந்தார். மெல்போர்னில் மறுபடி தகுதிச் சுற்று. கடைசி ஆட்டத்தில் குல்பிஸிடம் தோற்றார். இந்த முறை லக்கி லூசராக உள்ளே வந்தார். எதிரே ஈட்டோ, ஜெயித்தால் இரண்டாவது சுற்றில் ஜோகோவிச். நேர் செட்டில் தோற்றார். நீங்கள் எண்ணிய ஐந்தாவது தோல்வி அது.

அண்ணன் மகன் விஷயம். ஜூனியர் கோப்பைகளை அலமாரியில் வையுங்கள், கணக்கில் வைக்காதீர்கள். ஜூனியர் உலகத் தரவரிசையில் முதல் 100க்குள் வந்தால், தொழில்முறை டென்னிஸின் அடிமட்டமான எம்15 போட்டிகளில் அவர்களுக்கென ஒதுக்கிய இடங்கள் உண்டு. அந்த அளவில் ஜூனியர் எண்ணுக்கு மதிப்பு உண்டு. அடுத்தது முதல் ஏடிபி புள்ளி: எம்15 மெயின் டிராவில் ஒரு ஆட்டம் ஜெயிக்க வேண்டும், ஒரு புள்ளி. பட்டமே வென்றால் 15. பிறகு ஒரு படி மேலான எம்25, பிறகு சேலஞ்சர்.

இங்கே பையன்கள் மாட்டிக்கொள்வது இரண்டு இடத்தில். ஒன்று, எம்15இலேயே வருடக்கணக்காகச் சுற்றுவது. ஜெயிக்கிறான் என்ற திருப்தி இருக்கும், ஆனால் அதில் வருகிற புள்ளியை வைத்து 230க்குள் வருவது நடைமுறையில் முடியாது. இன்னொன்று, அதற்கு நேர்மாறாக, தாங்காத மட்டத்தில் பெயர் கொடுத்து ஒவ்வொரு வாரமும் தகுதிச் சுற்றில் தோற்பது. ஒரு மட்டத்தில் அடுத்தடுத்து அரையிறுதி வரை போகிறான் என்றால் மேலே அனுப்புங்கள். பட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் அவன் வாங்கிய ஒவ்வொரு புள்ளியும், அது காலாவதியாகும் தேதியும். எதிர்ப் பக்கம் அடுத்தடுத்த போட்டிகளின் பெயர்ப் பட்டியல் மூடும் தேதி. பெரிய புள்ளி விழப்போகிற மாதத்தில்தான் முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு ஆடத் தோன்றும். அது எந்த மாதம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், அப்போது அவன் நொண்டுகிறானா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.