மறுபடியும் ஜப்பான் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆசிரியர் பரிமாற்றத் திட்டத்தில் இரண்டாவது முறையாக ஜப்பான் போகிறேன். போன தடவை பிள்ளைகளே வகுப்பறையைத் துடைப்பதையும் மதிய உணவைப் பரிமாறுவதையும் பார்த்து வந்து எல்லோரிடமும் சொன்னேன். இப்போது சக ஆசிரியர்கள், “பார்த்ததையே எதற்குத் திரும்பப் பார்க்கணும், வேறு யாராவது போகலாமே” என்கிறார்கள். எனக்கும் உறுத்தலாக இருக்கிறது. நீங்களும் மறுமுறை போய் வந்தவர். இந்தத் தடவை எதைப் பார்க்கட்டும்?

ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

தயங்காமல் போய் வாருங்கள். முதல் தடவை விருந்தாளிக்குக் காட்டுவதைக் காட்டுவார்கள். மறுமுறை போகிறவருக்கு என்ன கேட்பது என்று தெரியும். அப்படி ஒருவர் குழுவில் இருந்தால் புதிதாக வருகிறவர்களுக்கும் லாபம்தான்.

உங்களுக்குப் பழக்கமான ஆசிரியர்களில் சிலர் அங்கே இருக்க மாட்டார்கள். பொதுப் பள்ளி ஆசிரியர்களைச் சில வருடங்களுக்கு ஒருமுறை இடம் மாற்றிவிடுகிறார்கள். கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் மாறுதலும் அப்போதுதான். நான் திரும்பப் போனபோது தெரிந்த முகங்கள் குறைந்திருந்தன, பள்ளியின் நடைமுறைகள் அப்படியே இருந்தன. ஆள் மாறியும் ஒரு பழக்கம் எப்படி நிற்கிறது? இதைத் தெரிந்துகொள்ள ஆசிரியர் அறையில் உட்கார வேண்டும்.

‘ஜுக்யோ கென்கியூ’ எனப்படும் பாட ஆய்வை முழுதாகப் பார்க்கக் கேளுங்கள். ஒருவர் பாடம் நடத்த, மற்ற ஆசிரியர்கள் ஓரமாக நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள். யார் எங்கே திணறினார், எதை எழுதி அழித்தார் என்று குறித்துக்கொள்வார்கள். வந்தவர்களுக்கு இதுவரைதான் வழக்கமாகக் காட்டுவது. பிள்ளைகள் போனபின் நடக்கும் பேச்சில்தான் விஷயமே இருக்கிறது. நான் பார்த்த ஒரு கணக்குப் பாடத்தில், கேள்வியில் வேறு எண் கொடுத்திருந்தால் பிள்ளைகள் எப்படி யோசித்திருப்பார்கள் என்று வெகுநேரம் பேசினார்கள். புதிதாக வேலைக்கு வந்தவரும் அதில் பேசினார். பழக்கம் கைமாறுவது அந்த மேசையில்தான் என்று நினைக்கிறேன்.

கரும்பலகையையும் பாருங்கள். தொடக்கப் பள்ளியில் ஒரு பாடவேளை 45 நிமிடம். எழுதியதைப் பெரும்பாலும் அழிக்க மாட்டார்கள். முடியும்போது பிள்ளைகள் சொன்ன தவறான விடைகள்கூட பலகையில் இருக்கும், எந்த இடத்தில் திருந்தின என்பதோடு.

அப்புறம், வியப்போடு மட்டும் திரும்பாதீர்கள். 2018-இல் ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான பன்னாட்டு அமைப்பு) நடத்திய ஆய்வின்படி ஜப்பானின் நடுநிலை வகுப்பு ஆசிரியர்கள் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்தார்கள். கலந்துகொண்ட நாடுகளிலேயே அதுதான் அதிகம். 1971-இல் வந்த சட்டத்தின்படி, கூடுதல் நேர வேலைக்கு மணிக்கணக்கில் சம்பளம் கிடையாது, மாதச் சம்பளத்தில் 4 சதவீதம் மட்டும் சேர்த்துக் கொடுத்துவந்தார்கள். அதைப் படிப்படியாக 10 சதவீதமாக்க 2025-இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். நாம் மெச்சும் அந்தப் பேச்சுக்கு நேரம் எங்கிருந்து வருகிறது, வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்று மரியாதையோடு கேளுங்கள். கொஞ்சம் பழகியவர்களிடம் மனம்விட்டுச் சொல்வார்கள்.

ஒரு பாடம் நீங்களும் நடத்துங்கள். கோலமும் சேலையும் காட்டும் கலாச்சார வகுப்பு போன தடவையே முடிந்திருக்கும். இந்த முறை பின்னம் நடத்துங்கள். அதன்மேல் பாட ஆய்வு வைக்கச் சொல்லுங்கள். பாடக் குறிப்பை முன்கூட்டியே எதிர்பார்ப்பார்கள், அதனால் இப்போதே எழுதி அனுப்பிவிடுங்கள். மொழிபெயர்ப்பாளரைப் பாடத்துக்கு மட்டுமல்லாமல் பிறகு நடக்கும் பேச்சுக்கும் சேர்த்துக் கேட்டு வையுங்கள்.