தங்கம் ஏறினால் கடனும் ஏற வேண்டுமா?

கேள்வி: எனக்கு 58 வயது, ஊர் தங்கச்சிமடம். வீட்டுக்காரர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார், நான் கருவாடு காயப்போட்டு ராமநாதபுரம் வரை கொண்டுபோய் விற்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் சின்ன மகள் கல்யாணத்துக்காக 12 பவுன் நகையை வைத்து 1,80,000 ரூபாய் வாங்கினோம். இன்றைக்குக் கடன் 4,60,000-ல் நிற்கிறது. 9 பவுன் வங்கியில் 3,40,000-க்கும், 3 பவுன் ஆரம் கூட்டுறவு சங்கத்தில் 1,20,000-க்கும் இருக்கிறது. வருஷம் 80,000 கட்டியும் ஒன்றும் குறையவில்லை. கட்டுகிற ஆர்வமே விட்டுப்போச்சு, சாகிற வரைக்கும் இதுதானா என்று இருக்கிறது. தொண்டியில் இருக்கிற தம்பி மகளுக்கு வருகிற தையில் கல்யாணம், ஒரு லட்சம் கேட்கிறான். போன ஆனியில் அவனுக்கு 1,40,000 எடுத்துக் கொடுத்தோம், இன்னும் திரும்பி வரவில்லை. நகை விலை ஏறியிருப்பதால் திருப்பி வைத்தால் இப்போதும் கிடைக்கும். கூடவே இன்னொரு லட்சம் எடுத்து மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் அதுவே கடனை அடைத்துவிடும் என்கிறார் மருமகன். கையில் 1,50,000 எஃப்.டி. மட்டும் இருக்கிறது. சங்கத்தில் கிடக்கிற ஆரத்தை யாரும் போடுவதில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: அக்கா, வட்டியைப் பற்றியும் சிக்கனத்தைப் பற்றியும் உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. பச்சை நெத்திலி என்ன விலைக்கு எடுத்தால் காய்ந்த பிறகு எவ்வளவு தேறும் என்று கரையில் நின்றபடியே கணக்குப் போடுகிறவர் நீங்கள். அதே கணக்கை அடகுச் சீட்டுக்கும் போட்டுப் பார்க்கலாம்.

உங்கள் கடிதத்தை வைத்துப் பின்னோக்கிப் போனால், இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடன் சுமார் நான்கு லட்சம் இருந்திருக்க வேண்டும். வட்டியைத் தோராயமாகப் பத்து சதவீதம் என்று வையுங்கள். முதல் வருஷம் கட்டிய 80,000-ல் வட்டிக்கு 40,000 போக அசலில் 40,000 கழிந்தது. அடுத்த வருஷம் வட்டி 36,000, அசலில் 44,000 கழிந்தது. ஆக நான்கு லட்சம் 3,16,000-க்கு இறங்கியிருக்க வேண்டும், உண்மையில் இறங்கவும் செய்தது. அதன் மேல்தான் தம்பிக்கு எடுத்த 1,40,000 ஏறியது. கூட்டினால் கிட்டத்தட்ட உங்கள் 4,60,000 வந்துவிடுகிறது பாருங்கள்.

இரண்டே வருஷத்தில் 84,000 அசலைக் குறைத்திருக்கிறீர்கள், இந்த வருமானத்தில் அது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆனால் குறைந்ததை நீங்கள் கண்ணால் பார்ப்பதற்குள் அதை வெளியே எடுத்தாகிவிட்டது, அப்புறம் ஆர்வம் எங்கிருந்து வரும்? மனசு தளர்ந்துவிட்டது, வயசாகிவிட்டது என்று உங்களையே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். கெடுப்பது ஒரே பழக்கம்தான்: சீட்டை மாற்றி வைக்கப் போகிற ஒவ்வொரு தடவையும், நகை விலை ஏறிய அளவுக்குக் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு வருவது. மதிப்பீட்டாளர் நகையைத் தராசில் வைத்துவிட்டு "இன்னும் ஒன்னு நாப்பது வரும்மா, வேணுமா?" என்று கேட்பார், அந்த நேரத்தில் தம்பியோ வேறொருவரோ ஒரு தேவையோடு வீட்டில் காத்திருப்பார். இனிமேல் அந்தக் கேள்வி இன்னும் பெரிய தொகையோடு வரும். 2,50,000 வரையான நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-ல் விதியைத் தளர்த்தியிருக்கிறது. கிடைக்கிறது என்பதற்காக வாங்க வேண்டியதில்லை.

தங்கம் ஏறிக்கொண்டே போகிறது, அடகில் கிடந்தாலும் நமக்கு லாபம்தானே என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஏறிய விலையின் மேல் கடன் எடுக்காமல் இருக்கிறவருக்குத்தான் அது லாபம். நீங்கள் ஒவ்வொரு வருஷமும் அந்த ஏற்றத்தை எடுத்துச் செலவழித்துவிட்டு, செலவழித்ததற்கு வட்டியும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

மருமகன் சொல்கிற யோசனை வேண்டவே வேண்டாம். ஃபண்ட் கெட்டது என்று நான் சொல்லவில்லை. பத்து சதவீத வட்டி நிச்சயமாக வெளியே போகும், ஃபண்டில் வருகிற லாபம் நிச்சயமில்லை, ஒரு வருஷம் இறங்கினால் உங்கள் வயதில் பொறுத்திருக்க அவகாசமும் இல்லை. கடன் வாங்கி முதலீடு செய்யச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. பத்து சதவீதக் கடனில் ஒரு லட்சத்தை அடைத்தால் வருஷம் பத்தாயிரம் மிச்சம், அதற்கு எந்தச் சந்தையும் ஏற வேண்டியதில்லை.

தம்பி விஷயம் கஷ்டமானது, தெரியும். உங்கள் பெண்களுக்குத் தாய்மாமன் சீர் செய்தவர், அவர் மகள் கல்யாணத்துக்கு அத்தை வெறுங்கையோடு போக முடியாது. ஆனால் செய்முறை என்பது கையில் இருப்பதைச் செய்வது. அடகுக்கு மேல் அடகு வைத்துச் செய்யச் சொல்லி எந்த முறையும் கிடையாது. பத்திரிகை அடிப்பதற்கு முன்னாலேயே தொண்டிக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள், போனில் சொன்னால் தப்பாகப் போகும். "தம்பி, நகை மேல இனி ஒரு ரூபா ஏத்த மாட்டேன். கல்யாணத்துக்கு என் கையால பத்தாயிரம் வைப்பேன், நாலு நாள் முன்னாடியே வந்து கூட நின்னு வேலை பாப்பேன். போன ஆனியில வாங்குனத இப்பத் தர வேணாம், தை முடிஞ்ச பிறகு மாசாமாசம் முடிஞ்சதக் கொடு." இவ்வளவு போதும். மார்கழியில் போய்ச் சொன்னால்தான் கோபம் வரும், இப்போதே சொன்னால் வேறு வழி பார்க்க அவருக்கும் நேரம் இருக்கும்.

இனி கடன். யாரும் போடுவதில்லை என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்களே, அந்த மூன்று பவுன் ஆரம், அதை விற்றுவிடுங்கள். மனசு கேட்காது. ஆனாலும் கணக்கைப் பாருங்கள். எஃப்.டி.யை உடைக்க வேண்டாம், அதன் மேல் இரண்டு மூன்று நாளுக்குக் கடன் எடுத்து சங்கத்தில் 1,20,000-ஐக் கட்டி ஆரத்தை மீட்கலாம். பவுனை 80,000 என்று குறைத்தே வைத்து, கழிவு போக 2,20,000 கையில் வரும் என்று கொள்வோம். 1,20,000-ஐ எஃப்.டி. கடனுக்குத் திருப்பிவிட்டு, மிச்சம் ஒரு லட்சத்தை வங்கியில் அசலில் கட்டினால் மொத்தக் கடன் 2,40,000 ஆகிவிடும். எஃப்.டி. ஆபத்துக்கு அப்படியே இருக்கும். அடகு நகையை நாங்களே மீட்டு வாங்கிக்கொள்கிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் மட்டும் போக வேண்டாம், உங்களுக்கு அந்த அவசரம் இல்லை.

இப்போதைய 4,60,000-ஐ வருஷம் 80,000 வீதம் அடைத்தால் ஒன்பதாவது வருஷம்தான் முடியும், அப்போது உங்களுக்கு 67. அதுவரை வீட்டுக்காரர் கடலுக்குப் போக வேண்டும். 2,40,000 என்றால் முதல் வருஷ வட்டி 24,000-தான், அசலில் 56,000 கழியும், நாலாவது வருஷத்துக்குள் முடிந்துவிடும். 62 வயது.

ஆர்வத்துக்கு வருகிறேன். ஒன்பது பவுனும் ஒரே சீட்டில் இருந்தால் பாதிக் கடனைக் கட்டினாலும் பெரும்பாலும் ஒரு தோடுகூட வெளியே வராது, கட்டுகிறவருக்குச் சலிக்கத்தான் செய்யும். அடுத்த தடவை மாற்றி வைக்கும்போது மூன்று சீட்டாகப் பிரித்துக் கேளுங்கள்: தோடும் மோதிரமும் 40,000-க்கு, வளையல் 80,000-க்கு, சங்கிலி 1,20,000-க்கு. சின்னச் சீட்டை முதல் வருஷத்திலேயே முடித்துவிடலாம். முடித்த நகை அன்றைக்கே கைக்கு வர வேண்டும், அதிகபட்சம் ஏழு வேலை நாள். வங்கியால் அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்பது விதி. வந்த தோட்டைப் பெட்டியில் பூட்டாமல் காதில் போட்டுக்கொள்ளுங்கள், காதில் கிடக்கிற நகையைக் கேட்க யாருக்கும் வாய் வராது.

மாதத் தவணை என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், உங்கள் தொழிலுக்கு அது ஒத்துவராது. ஐப்பசி கார்த்திகை மழையில் கருவாடு காயாது, அந்த மாதங்களில் தவணை தவறினால் மறுபடியும் மனசு உடையும். மாசியிலிருந்து ஆவணி வரை வெயில் இருக்கும்போதே வருஷத்துக்கான 80,000-ஐக் கட்டி முடிக்கப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் நிற்கிற 61 நாளில் நாட்டுப்படகு மீனுக்கு நல்ல விலை கிடைக்கும், அந்தப் பணத்தில் ஒரு பங்கை அன்றன்றே தனியாக எடுத்து வைத்து வாரம் ஒரு நாள் வங்கியில் அசலில் வரவு வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வங்கிகளில் நகைக்கடனுக்கு இடையில் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம், அசல் குறைந்த நாளிலிருந்து வட்டியும் குறையும். ரசீதில் அசல் பாக்கி எவ்வளவு என்று அங்கேயே கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

சீட்டு மாற்றப் போகிற நாளில் மருமகனை வேண்டாம், மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். "இன்னும் வரும், வேணுமா?" என்று அவர்கள் கேட்கும்போது உங்களுக்கு முன்னால் அவள் வேண்டாம் என்று சொல்லட்டும்.