கடலை மூடுன நிலத்துல எதுக்கு இவ்ளோ பெரிய பார்க்?

கேள்வி: சிங்கப்பூர் மெரினா பே பாத்துட்டு வந்தேன் சார். தங்கம் மாதிரி விலை போற நிலத்தை செடி கொடிக்கு விட்டுட்டாங்களே, கட்டடமா கட்டியிருந்தா காசு வந்திருக்குமே?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: காசும் வந்துச்சும்மா, அதான் விஷயமே! அந்த இடம் கடலா இருந்தது, 1970கள்ல இருந்து மண்ணு கொட்டி நிலமாக்குனாங்க, அது அரசாங்க நிலம்கிறதால எங்க கட்டடம் எங்க பார்க்குன்னு முதல்லயே பிளான்ல கோடு போட்டுட்டு அப்புறமாதான் மனையை டெண்டர்ல விட்டாங்க, கட்டடத்தை எம்ஆர்டி (அந்த ஊரு மெட்ரோ ரயில்) ஸ்டேஷன் பக்கமா நெருக்கி உயரமா ஏத்திட்டதால மிச்ச இடம் தாராளமா கிடைச்சுது. நீங்க சொல்ற அந்தப் பெரிய பார்க், கார்டன்ஸ் பை த பே, அது மட்டும் 101 ஹெக்டேர், 2012ல திறந்த தெற்குப் பகுதியே 54 ஹெக்டேர்.

இன்னொன்னு, 2009ல வந்த ரூல்படி அந்த ஏரியால புதுசா கட்டுறவங்க மனை அளவுக்கு ஈடா மாடியிலயோ நடுவுலயோ பச்சை வைக்கணும். மெரினா ஒன் கட்டடத்துக்கு நடுவுல காடு மாதிரி இருக்கே, பாத்தீங்களா? 2008ல அணை கட்டி அந்தக் குடாவையே நல்ல தண்ணி நீர்த்தேக்கமா மாத்திட்டாங்க, கரையோரம் யார் வேணா நடக்கலாம், கார்டன்ஸ் பை த பேயோட வெளித் தோட்டத்துக்கு டிக்கெட்டும் கிடையாது.

எனக்கு ஒரே வருத்தம், அங்க இருக்கிற வீடெல்லாம் பணக்காரங்களுக்குத்தான், சாதாரண குடும்பம் ரயிலேறி வந்துதான் அந்த நிழல்ல உக்காரணும்.