6 வோல்ட் காயில், 12 வோல்ட் பேட்டரி: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, அப்பாவின் பழைய எஸ்டி பைக்கை 12 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டேன். இக்னீஷன் காயில் மட்டும் பழைய 6 வோல்ட். தொட முடியாத அளவு சுடுகிறது.

பதில்: காயிலின் பிரைமரியை (பேட்டரி கரண்ட் ஓடும் சுற்று) மீட்டரில் அளந்து பாருங்கள் தம்பி. 1.5 ஓம் இருந்தால் 6 வோல்ட்டில் 4 ஆம்பியர். 12 வோல்ட்டில் 8 ஆம்பியர், சூடு 4 மடங்கு. பாயிண்டும் (இன்ஜின் சுழலும்போது திறந்து மூடிக் காயிலின் கரண்ட்டை வெட்டும் சுவிட்ச்) கருகும். சாவியிலிருந்து காயிலுக்கு வரும் ஒயரில் 1.5 ஓம், 50 வாட் ரெசிஸ்டரைத் தொடராகப் போடுங்கள். அலுமினிய உறை போட்டதாக வாங்கிச் சேஸில் இறுக்கமாக முடுக்குங்கள். முக்கியம்: இன்ஜின் ஓடாதபோது சாவி ஆனில் இருக்கக் கூடாது. பாயிண்ட் மூடி நின்றால் கரண்ட் விடாமல் ஓடிக் காயில் வெந்துவிடும்.

கேள்வி: ரெசிஸ்டர் எதற்கு? 7806 ரெகுலேட்டர் ஐசி போட்டால் சுத்தமான 6 வோல்ட் கிடைக்குமே?

பதில்: அது தருவது சுமார் 1 ஆம்பியர். காயில் கேட்பது 4.

கேள்வி: சரி, நான்கை இணையாகப் போடுகிறேன். ரெசிஸ்டர் நிலையான வோல்ட்டேஜ் தராதே!

பதில்: தராது. அதுதான் நமக்கு வேண்டியது. இணையாகப் போட்ட ஐசிகள் லோடைச் சமமாகப் பங்கு போடாது, அது ஒரு பக்கம். பாயிண்ட் மூடும் அந்தக் கணத்தில் கரண்ட் பூஜ்யம். ரெசிஸ்டரில் வோல்ட்டேஜ் இறங்காது. முழு 12 வோல்ட்டும் காயிலுக்குப் போய்க் கரண்ட் வேகமாக ஏறும். ஏற ஏற, ரெசிஸ்டர் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ரெகுலேட்டர் போட்டால் தொடக்கத்திலிருந்தே 6 வோல்ட்தான், ஏற்றம் மந்தம். ஆர்பிஎம் கூடும்போது பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் குறையும். அங்கேதான் ஸ்பார்க் பலவீனமாகும். அப்புறம், பாயிண்ட் திறக்கும்போது பிரைமரியிலேயே 200 வோல்ட்டுக்கு மேல் எகிறும். அந்த ஒயரில் ஐசியைத் தொங்கவிட வேண்டாம்.

கேள்வி: ரெசிஸ்டர் போட்டும் காயிலில் 12 வோல்ட் காட்டுகிறதே?

பதில்: பாயிண்ட் திறந்திருக்கிறது. கரண்ட் ஓடாமல் வோல்ட்டேஜ் இறங்காது. மூடி வைத்து அளந்துவிட்டு உடனே சாவியை ஆஃப் செய்யுங்கள்.

கேள்வி: எனக்கும் 12 வோல்ட்தான் காட்டுகிறது, ரெசிஸ்டர் டூப்ளிகேட்டா?

பதில்: முந்தைய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சிடிஐ வண்டிக்கும் போடலாமா?

பதில்: கூடாது. அது கெப்பாசிட்டரில் சேர்த்த மின்சாரத்தைக் காயிலில் விடும் வேறு முறை.

கேள்வி: பழைய பெட்ரோல் கார். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் பிடிக்கிறது, சாவியை விட்டதும் அணைகிறது.

பதில்: பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குத் தொடராகக் கம்பெனியே போட்ட ரெசிஸ்டர்) உள்ள காராக இருந்தால் அது அறுந்திருக்கலாம். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 10 வோல்ட்டுக்கு இறங்கும் என்பதால் ரெசிஸ்டரைத் தாண்டிக் காயிலுக்கு நேராகக் கரண்ட் போக ஏற்பாடு இருக்கும். சாவியை விட்டதும் ரெசிஸ்டர் வழிதான். அதை அளந்து பாருங்கள். மெக்கானிக் நேர் ஒயர் போட்டு ஓட்டச் சொன்னால் வீடு வரை மட்டும் ஓட்டுங்கள், புது ரெசிஸ்டரை மாட்டுங்கள்.