பழைய வால்வுகளைப் பேணுதல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (ஹட்டன் வாசகர்): தோட்டத்துப் பங்களாவில் மின்வேலை பார்த்த என் தாத்தா விட்டுச்சென்ற, கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஒன்று முப்பது வருடங்களாக எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. அதில் இரண்டு ஈ.எல். 84, இரண்டு ஈ.சி.சி. 83, ஒரு ஜி.இஸட். 34 வால்வுகள் இருக்கின்றன. ஒரு ஈ.சி.சி. 83 வால்வின் உச்சி மட்டும் பால் போல வெளுத்திருக்கிறது. இதை நேரடியாக மின்சாரத்தில் இணைத்துப் பார்க்கலாமா?

பதில்: தயவுசெய்து இணைக்க வேண்டாம். உச்சி வெளுத்த வால்வு முடிந்துபோன வால்வு. குழாயினுள் எஞ்சியிருக்கும் வாயுவை உறிஞ்சுவதற்காகக் கண்ணாடியின் உட்புறத்தில் பேரியத்தை வெள்ளி நிறப் பூச்சாகப் படியவிடுவார்கள். கண்ணாடியில் மயிரிழை அளவு வெடிப்பு விழுந்து காற்று புகுந்தாலும் அந்தப் பூச்சு வெளுத்துவிடும். மற்ற நான்கிலும் பூச்சு வெள்ளியாகவோ ஓரங்களில் சற்றுக் கருத்தோ இருந்தால், அவற்றினுள் காற்று புகவில்லை என்று நம்பலாம்.

ஆனால் உங்கள் கவலை வால்வுகளைப் பற்றியதாக இருக்கக் கூடாது. மலைநாட்டில் பல வருடங்கள் சும்மா கிடந்த ஆம்ப்ளிஃபயரில் நான் முதலில் சந்தேகிப்பது காகிதக் கண்டென்சர்களைத்தான். ஒலியை முதலில் பெருக்கும் ஈ.சி.சி. 83 வால்வின் அனோட் எனும் தகட்டில் நூற்றைம்பது, இருநூறு வோல்ட் நேர் மின்னழுத்தம் நிற்கிறது, அது ஸ்பீக்கரை இயக்கும் ஈ.எல். 84 வால்வின் கிரிட்டுக்கு, அதாவது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலைக்கு, போய்ச் சேராமல் இசையை மட்டும் கடத்திவிடுவதே இடையிலுள்ள கண்டென்சரின் வேலை. மெழுகில் தோய்த்த காகிதம் எங்கள் மூடுபனியின் ஈரத்தை வருடக்கணக்காகக் குடித்த பிறகு அந்தத் தடுப்பு பலவீனமாகி, கிரிட்டில் நேர் மின்னழுத்தம் கசிகிறது. வால்வு கட்டுப்பாட்டை இழந்து அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுக்க, தகடு சிவந்து, வால்வும் சில வேளைகளில் வெளியீட்டு ட்ரான்ஸ்போமரும் சேர்ந்தே போய்விடுகின்றன.

பல வருடங்களுக்கு முன் என் மேசைக்கு வந்த ஒரு ஆம்ப்ளிஃபயரில் கண்டென்சர்களைப் பார்க்காமலே புதிய ஈ.எல். 84 சோடியைப் பொருத்தினேன். ஐந்தாவது நிமிடத்தில், சாம்பல் நிறத் தகட்டின் நடுவே மங்கிய சிவப்புப் புள்ளி ஒன்று தோன்றி மெல்லப் படர்ந்தது. ஓடிப்போய் அணைத்தும் அந்தச் சோடியில் ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை. கழற்றிப் பார்த்தால், மெழுகு உருகி வழிந்த, சுண்டுவிரல் நீளக் கண்டென்சர் ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணமாக இருந்தது. அன்றிலிருந்து காகிதக் கண்டென்சர்களை அளந்து பார்த்துக் காலம் கடத்துவதில்லை. அதே கொள்ளளவும் 630 வோல்ட் தாங்குதிறனும் உள்ள பொலிப்ரொப்பிலீன் கண்டென்சர்களால் அனைத்தையும் மாற்றிவிடுகிறேன். அலுமினிய உருளை வடிவப் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களும் காய்ந்திருக்கும், அவற்றையும் மாற்ற வேண்டும். ஆனால் திசைமாறு மின்சாரத்தை ஒருதிசை மின்சாரமாக்கும் ஜி.இஸட். 34 வால்வுக்கு அடுத்து வரும் முதலாவது கண்டென்சர் 60 மைக்ரோ ஃபாரட்டைத் தாண்டக் கூடாது; பெரிதாகப் போட்டால் நல்லது என்று எண்ணுபவர்கள் அந்த அருமையான வால்வைக் கொன்றுவிடுகிறார்கள்.

இவற்றையெல்லாம் முடித்து, வெளுத்த வால்வுக்குப் பதில் நல்ல ஒன்றைப் பொருத்திய பிறகு, 60 வாட் பழைய குண்டு பல்பு ஒன்றை மின்வழியில் தொடராக இணைத்து முதல் முறை இயக்குங்கள். (எல்.ஈ.டி. பல்பு இதற்கு உதவாது.) பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது, முழு வெளிச்சத்திலேயே நின்றால் எங்கோ குறுக்குச் சுற்று இருக்கிறது. ஸ்பீக்கரை இணைக்காமல் ஒருபோதும் இயக்க வேண்டாம். மின்சாரத்தைக் கழற்றிய பின்னரும் கண்டென்சர்களில் முந்நூறு வோல்ட் தங்கியிருக்கக்கூடும், அது ஆளைக் கொல்லும். ஆகவே அடித்தட்டைத் திறக்கும் வேலையைப் பழகிய ஒருவரிடமே ஒப்படையுங்கள்.

கேள்வி (நுவரெலியா வாசகி): கணவர் சேர்த்த நாற்பது வால்வுகள் அலமாரியில் இருக்கின்றன. அட்டைப் பெட்டிகளில் பூஞ்சணம் பிடிக்கிறது, பின்கள் கருத்துப்போகின்றன. எப்படிப் பாதுகாப்பது?

பதில்: 1,868 மீற்றர் உயரத்தில், சட்டைக்கும் சப்பாத்துக்கும் பூஞ்சணம் பிடிக்கும் ஊரில் இது எதிர்பார்க்க வேண்டியதே. ஈரம் கண்ணாடியைத் தாண்டி உள்ளே போகாது என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும். கெடுவது பின்களும், எட்டுப் பின் வால்வுகளின் பேக்லைட் அடியை ஒட்டியிருக்கும் பசையும், கண்ணாடியில் அச்சிட்ட எழுத்துகளுமே.

எழுத்துகளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மல்லார்ட் என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் பழைய வால்வில் உள்ள வெள்ளை எழுத்துகள் ஈரத் துணி பட்டாலே போய்விடும். நான் ஒருமுறை தூசி என்று நினைத்துக் கட்டைவிரலால் தேய்த்தபோது பெயரில் பாதி விரலோடு வந்துவிட்டது. உலர்ந்த மென்மையான தூரிகையால் அடிப்பகுதியை மட்டும் தட்டிவிடுங்கள். பின்களைத் துடைக்க ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சி போதும். உப்புத்தாளால் தேய்ப்பதும் பின்னை வளைத்து நிமிர்த்துவதும், பின் கண்ணாடிக்குள் நுழையும் இடத்தில் வெடிப்பை உண்டாக்கும்.

வால்வுகளை இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டிகளில் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வைத்து, ஜெல்லின் நிறம் மாறியதும் அதைச் சூடாக்கி உலர்த்தி மீண்டும் போடுங்கள். உங்கள் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை வரும் வெயில் நாட்களே பெட்டிகளைத் திறந்து பார்ப்பதற்கு ஏற்ற காலம். கணவரின் ஆம்ப்ளிஃபயரும் வீட்டிலிருந்தால், வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது அதில் பாட்டுக் கேளுங்கள். தன் ஈரத்தைத் தானே உலர்த்திக்கொள்ளும் இயந்திரம் அது.

கேள்வி (பதுளை வாசகர்): மாமாவின் பெட்டியில் டி.கே. 96, டி.எஃப். 96, டி.ஏ.எஃப். 96, டி.எல். 96 என்ற நான்கு சிறிய வால்வுகள் கிடைத்தன. இவற்றை ஆம்ப்ளிஃபயரில் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. ஐரோப்பியப் பெயரிடல் முறையில் முதலெழுத்து சூடாக்கி இழைக்கான மின்சாரத்தைக் குறிக்கிறது: ஈ என்றால் 6.3 வோல்ட், டி என்றால் பற்றரிக்கான 1.4 வோல்ட். ஈ வகைக்கான மின்சாரத்தில் டி வகையைச் செருகினால், கண் சிமிட்டும் நேரத்தில் இழை அறுந்துவிடும். உங்களிடம் இருப்பது மின்சாரம் எட்டாத இடங்களில், இழைக்கு அந்த 1.4 வோல்ட்டும் தகட்டுக்கு 90 வோல்ட்டும் தரும் உலர் பற்றரிகளில் ஓடிய ரேடியோவின் முழுத் தொகுதி. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு மின்சாரம் வருமுன் இலங்கை வானொலியை நம்மவர் கேட்டது இத்தகைய ரேடியோக்களில்தான் என்பதால், நான்கையும் பிரிக்காமல் ஒன்றாக வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முள் ஓடும் பழைய மல்டிமீற்றரின் மிகக் குறைந்த ஓம் வரிசையில் இவற்றின் இழையைச் சோதிக்க வேண்டாம். அதன் மின்னோட்டமே 25 மில்லி அம்பியர் இழையை எரித்துவிடக்கூடும்.

கேள்வி (பண்டாரவளை வாசகர்): இணையத்தில் புத்தம்புதிய பெட்டியில் 'மல்லார்ட்' வால்வு விற்கிறார்கள். பழைய சரக்கா?

பதில்: இல்லை. அந்தப் பெயரை உரிமையாக்கிக்கொண்ட நிறுவனம் ரஷ்யாவில் செய்யும் புதிய வால்வு அது. கேட்பதற்கு நல்ல வால்வுதான், ஆனால் பழைய வால்வின் விலையைக் கொடுக்காதீர்கள். இங்கிலாந்தின் பிளாக்பேர்ன் தொழிற்சாலையில் 1960களில் செய்த வால்வுகளில், கண்ணாடியின் அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில் பொறித்த சிறு குறியீடு இருக்கும். 'பி4சி2' என்றிருந்தால், பிளாக்பேர்ன், 4 இல் முடியும் வருடம், மூன்றாம் மாதம், இரண்டாம் வாரம் என்று படிக்க வேண்டும். அதைப் பார்க்க வால்வைச் சாய்வான வெளிச்சத்தில் மெல்லத் திருப்புங்கள். விற்பவர் அந்த இடத்தைப் படமெடுத்து அனுப்பத் தயங்கினால், வாங்காமல் விட்டுவிடுங்கள்.