கத்தோலிக்கப் பள்ளியில் சைவப் பிள்ளை சேரலாமா?

தம்பி, ஸ்காபரோவுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, மூன்றாம் வகுப்பு மகளையும் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் மகனையும் பக்கத்துக் கத்தோலிக்கப் பள்ளிகளில் சேர்க்கலாமா, கட்டணம் எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள்.

கட்டணம் இல்லை. ஒன்ராறியோ மாகாணத்தில் அவை முழுக்க அரசாங்கப் பணத்தில் நடப்பவை. 1867 இல் கனடா உருவானபோது சிறுபான்மைக் கத்தோலிக்கருக்கு அரசியலமைப்பு கொடுத்த உரிமை அது. மேல் வகுப்புகளுக்கும் முழுப் பணம் தருவதாக முதல்வர் பில் டேவிஸ் அறிவித்தது 1984 இல்தான். அதன் பிறகே உயர்நிலைப் பள்ளிகள் மற்றச் சமயத்தவருக்கும் திறந்தன.

ஆகவே மகனுக்குத் தடையில்லை. மகளுக்குத்தான் சிக்கல். தொடக்கப் பள்ளியில் பொதுவாகப் பிள்ளையோ பெற்றோரில் ஒருவரோ கத்தோலிக்கராக இருக்க வேண்டும். ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள். இடம் கிடைப்பதற்காக ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்களை நான் அறிவேன். தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள். நம் சமயத்தையும் அவர்களுடைய சமயத்தையும் ஒருசேர அவமதிக்கும் செயல் அது. சீருடையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். கணக்கும் விஞ்ஞானமும் கத்தோலிக்கப் பள்ளியிலும் பொதுப் பள்ளியிலும் ஒரே பாடத்திட்டம்தான்.

மகன் சமயபாடம் படித்தே ஆக வேண்டுமா என்றால், இல்லை. கத்தோலிக்கர் அல்லாத மாணவருக்குப் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் விலக்குத் தர வேண்டும் என்று கல்விச் சட்டம் சொல்கிறது. திருப்பலிக்கும் தியான நாட்களுக்கும் அது பொருந்தும் என்று 2014 இல் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. என் மகளுக்குக் கேட்டபோது பள்ளி அலுவலகத்தில் அப்படி எதுவும் கிடையாது என்றார்கள். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகே கிடைத்தது.

பதினொராம் வகுப்பில் அவளே விரும்பி உலகச் சமயங்கள் பாடத்தை எடுத்தாள். ஒருநாள் வந்து, "அப்பா, திருநீறு ஏன் பூசுகிறோம்?" என்று கேட்டாள். ஊரில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அன்று இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அந்த ஆசிரியைக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

இருந்தும், எல்லோருடைய வரியிலும் ஒரு சமயத்தின் பள்ளிகளை மட்டும் நடத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. இது பாகுபாடு என்று ஐ.நா. மனித உரிமைக் குழுவே 1999 இல் சொன்னது. மற்றச் சமயப் பள்ளிகளுக்கும் பணம் தருவதாகச் சொன்ன மாகாண எதிர்க்கட்சித் தலைவர் ஜான் டோரி 2007 தேர்தலில் தோற்றார். எனக்கும் அந்த வழி பிடிக்கவில்லை. பிள்ளைகள் சமயவாரியாகப் பிரிந்துபோவார்கள். எல்லோருக்கும் ஒரே பொதுப் பள்ளி போதும்.

மகனையும் கூட்டிக்கொண்டு இரண்டு பள்ளிகளையும் போய்ப் பாருங்கள். கத்தோலிக்கப் பள்ளிதான் என்று முடிவெடுத்து, விலக்கும் தேவைப்பட்டால், என் கடிதங்களின் பிரதிகளைத் தருகிறேன்.